குடவோலை கற்பிக்கும் தகுதி

நுழையும்முன்

ஏரியை யார் காப்பது, பொன்னை யார் சோதிப்பது, ஊர்க்கணக்கை யார் எழுதுவது என்று ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே விதி வகுத்த ஊர் உத்திரமேரூர். இன்று பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டபம் என மக்கள் கூடும் கட்டடங்கள் ஊர்தோறும் பெருகியுள்ளன. அவற்றில் தீ மூளும் வாய்ப்பை ஆராய்ந்து சொல்பவரைத் தேர்ந்தெடுப்பதில் அந்தப் பழைய விழிப்பு இருக்கிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

கல்லில் எழுதிய தகுதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், ஓலை குடத்துக்குள் விழுவதற்கு முன் நடந்த வேலையே அம்முறையின் உயிர்நாடி. யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதவே கூடாது என்பதைச் சபையோர் முதலில் வரையறுத்தனர்.

செயலில் வல்லவராக இருத்தல் வேண்டும். நல்வழியில் ஈட்டிய பொருளும் தூய உள்ளமும் உடையவராக இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்திருத்தல் கூடாது. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். கையூட்டுப் பெற்றவருக்கும் இடமில்லை. பொறுப்பில் இருக்கும்போது குற்றம் வெளிப்பட்டால் உடனே நீக்கவும் விதி இருந்தது. கணக்கு எழுதுபவர் தாம் எழுதிய கணக்கைத் தாமே சபைமுன் காட்ட வேண்டும். அவருக்காக வேறொருவர் வந்து கணக்கை முடித்துவிட இயலாது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, வேதம் கற்ற ஆடவருக்கே அது இடமளித்தது. உழைக்கும் மக்களுக்கும் பெண்களுக்கும் அதில் பங்கில்லை. அந்த வேலிகளை இன்றைய மக்களாட்சி தகர்த்துவிட்டது, தகர்த்ததே அறம். எனினும், ஒரு பொறுப்பை ஒப்படைக்குமுன் அதற்குரிய அறிவு, நேர்மை, கணக்குக் காட்டும் கடமை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்னும் நெறி காலத்தால் அழியாதது. அதே ஊரில் பொன்னின் மாற்றைச் சோதிப்பதற்குப் பொன்னை ஆராயத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்தமை குறித்தும் பராந்தகன் காலக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. பொன்னைச் சோதிப்பவரையே சோதித்துத் தேர்ந்தனர் முன்னோர். உயிர்களுக்கு நேரக்கூடிய இடரைச் சோதிப்பவரை இக்காலத்தவர் எவ்வாறு தேர்கின்றனர்?

> தெரிந்து தெளிவோம்
> உத்திரமேரூர்ச் சபையில் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களின் பொறுப்புக்காலம் 360 நாள்கள்.

இடரை அளக்கும் கலை

தீ இடர் மதிப்பீடு என்பது சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்பான் தொங்குகிறதா என்று பார்த்துச் செல்லும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது வினாக்களின் தொடர். தீ எங்கே பிறக்கலாம்? எதைப் பற்றிக்கொண்டு வளரலாம்? அந்நேரத்தில் உள்ளே யார் இருப்பர்? அவர்கள் எவ்வழியே, எவ்வளவு விரைவில் வெளியேற முடியும்? எந்தக் குறையை முதலில் நீக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கான விடை கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.

உத்திரமேரூர் போன்ற ஊர்ப்புறத்தையே எடுத்துக்கொள்ளலாம். நெல் அரவை ஆலையில் உமிக்குவியல் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கக் கூடும். திருமண மண்டபத்தில் சமையற்கூடத்து எரிவளி உருளைகள், மின்னாக்கிக்கான டீசல், அலங்காரத் துணி, அதன்மேல் ஓடும் வண்ண விளக்குச் சரம் ஆகிய யாவும் அருகருகே இருக்கும். அழையா விருந்தினரையும் திருடரையும் தடுக்க எண்ணிப் பின்வாயிலைப் பூட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. பள்ளியில் வேதியியல் ஆய்வகம் ஒருபுறம், கணினி அறையின் மின்கல அடுக்கு மறுபுறம். மருத்துவமனையில் ஆக்சிஜன் உருளைகளோடு, எழுந்து நடக்க இயலாத நோயாளிகளும் இருப்பர். மண்டபத்துக்குப் பொருந்தும் வெளியேறும் திட்டம் மருத்துவமனைக்குப் பொருந்தாது.

கருவிகளைப் பற்றிய அறிவும் நுட்பமானது. மரமும் தாளும் எரியும்போது நீர் உதவும். எண்ணெய் எரியும்போது அதே நீர் தீயைப் பரப்பிவிடும். மின்கருவி எரியும்போது நீர் ஊற்றியவரையே மின்சாரம் தாக்கக் கூடும். பொடி வகைத் தீயணைப்பானின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்க்கலாம். கரியமிலவாயு வகையிலோ அத்தகைய மானி இராது. எடையிட்டுப் பார்த்தே அதன் நிறைவை அறிய வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர் எல்லா உருளைகளையும் துணியால் துடைத்துத் தேதிச்சீட்டு ஒட்டிச் சென்றால், சீட்டு புதிதாக இருக்கும். உருளை வெறுமையாகவே இருக்கலாம்.

ஓர் ஆண்டு, இரு தீ

தமிழ்நாடு 2004ஆம் ஆண்டை எளிதில் மறக்க இயலாது. அவ்வாண்டு சனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீற்று, மின்கம்பி, மாடி, ஒடுங்கிய வழி ஆகியவை ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை அந்நாள் மாநிலத்துக்கே உணர்த்தியது.

ஆறு மாதங்கள்கூட நிறையவில்லை. சூலை 16 அன்று கும்பகோணத்தில் மூன்று பள்ளிகள் ஒரே வளாகத்தில் இயங்கிய கட்டடத்தில், மதிய உணவுச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்பறைகளில் இருந்த குழந்தைகளால் ஒடுங்கிய வழியே வெளியேற முடியவில்லை. 94 குழந்தைகள் மாண்டனர். நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

கும்பகோணத்துக் கூரை மறைவான இடர் அன்று. சமையற்கூடம், கூரை, படிக்கட்டு ஆகிய மூன்றையும் அறிந்த கண் ஒன்று ஒருசேர நோக்கியிருந்தால், அங்கே குழந்தைகளை அமர்த்தலாகாது என்று சொல்லியிருக்கும். கட்டடங்களைப் பார்வையிடும் கடமை ஏட்டில் இருந்தது. பார்வையில் இருந்திருக்க வேண்டிய அறிவும் அக்கறையும் இல்லாமற்போயின.

அத்துயரத்தையொட்டித் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பான பள்ளியில் பயில்வது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இருத்தல் வேண்டும். தீயணைக்கும் கருவிகள் வைக்கப்பட வேண்டும். அவற்றைக் கையாளப் பணியாளர்க்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என ஆணையிட்டது. முறையான ஆய்வுக்குப் பின்னரே பாதுகாப்புச் சான்று வழங்கப்பட வேண்டும் என்றும், கடமை தவறுவோர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறியது. சான்றின் மதிப்பு அதற்கு முன் நடந்த ஆய்வின் மதிப்பே என்பது இத்தீர்ப்பின் சாரம்.

செல்வ நகரின் பிழை

அறியாமையாலும் வறுமையாலும் ஊர்ப்புறங்களில் நேரும் பிழை இது என்று கருதுவோரும் உளர். அக்கருத்தை இலண்டன் நகர நிகழ்வு மறுக்கிறது. 2017 சூன் 14 அன்று அங்கே கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் தோன்றிய தீ, கட்டடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்த எரியும் தன்மையுடைய உறையைப் பற்றிக்கொண்டு மேலேறியது. 72 பேர் உயிரிழந்தனர்.

இங்கிலாந்தில் தீ இடர் மதிப்பீடு சட்டப்படி கட்டாயம். அக்கட்டடத்துக்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் இருந்தார். நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. அம்மதிப்பீட்டாளர் தம் அனுபவத்தையும் தகுதிகளையும் மிகைப்படுத்திக் காட்டினார். அவற்றுட் சில அவரே புனைந்துகொண்டவை. அத்துணைப் பெரிய, சிக்கலான கட்டடத்தை மதிப்பிடும் தகுதி அவருக்கு இல்லை என்று அவ்வறிக்கை கூறியது. முறையான தேர்வு எதுவுமின்றியே அவர் அப்பொறுப்புக்கு வந்து சேர்ந்தார் என்றும், அவர் சுட்டிய குறைகளுள் பல சரிசெய்யப்படாமல் தேங்கிக் கிடந்தன என்றும் அது பதிவு செய்தது. தீ இடர் மதிப்பீட்டாளர்க்குக் கட்டாயத் தகுதிச் சான்று முறை வேண்டும் என்பது அவ்விசாரணையின் பரிந்துரைகளுள் ஒன்று.

அந்தத் தீக்குக் காரணங்கள் பல. ஒருவரின் தகுதிக்குறை மட்டுமே 72 உயிர்களைக் கொண்டுசென்றது என்று கூறிவிட முடியாது. ஆயினும், ஒருவரைத் தேர்ந்தெடுக்காமலேயே ஏற்றுக்கொண்டனர். அவர் தகுதிகளைச் சரிபாராமலேயே நம்பினர். உத்திரமேரூர்ச் சபையோர் ஏரி வாரியத்துக்குக் காட்டிய கவனத்தை, பல குடும்பங்கள் உறங்கும் கோபுரத்துக்கு ஒரு செல்வ நகரம் காட்டவில்லை.

தேர்வுக்கு உரைகற்கள்

இந்தியாவில் மருத்துவர்க்கும் வழக்குரைஞர்க்கும் இருப்பது போன்ற நாடு தழுவிய பதிவு முறை தனியார் தீ இடர் மதிப்பீட்டாளர்க்கு இல்லை. மராட்டியத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற முகமைகள் ஆண்டுக்கு இருமுறை தீக்காப்புக் கருவிகளின் நிலையைச் சான்றளிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டமும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் ஆய்வும் உள்ளன. அரசின் ஆய்வுக்கு அப்பால் தாமாக ஒரு வல்லுநரை அமர்த்த விரும்பும் நிறுவனத்தார்க்குத் தெளிந்த உரைகற்கள் தேவை. அவற்றைக் குடவோலை விதிகளிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, செயலில் வல்லமை. நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி போன்ற நிறுவனத்தில் பெற்ற கல்வியோ, தீயணைப்புத் துறையில் பணியாற்றிய அனுபவமோ நல்ல தொடக்கம். சான்றிதழைக் கண்ணால் காண்பதோடு நில்லாமல், அதை வழங்கிய நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். அதே வகைக் கட்டடங்களை அவர் முன்பு மதிப்பிட்டுள்ளாரா என்பதும் முதன்மையானது. கடைகளை மட்டுமே கண்டவரிடம் மருத்துவமனையை ஒப்படைத்தல் ஆகாது.

இரண்டாவது, பொருள் தூய்மை. தீயணைப்பான் விற்பவரே இலவசமாக மதிப்பிட்டுத் தருவதாகக் கூறினால், அவர் காணும் குறைகளெல்லாம் தீயணைப்பானால் தீரும் குறைகளாகவே இருக்கக் கூடும். பூட்டிய கதவைத் திறந்துவைக்கப் பணம் தேவையில்லை; அதனால் அவருக்கு வருவாயும் இல்லை. கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரரோ உரிமையாளரின் உறவினரோ மதிப்பீட்டாளராவதும் இவ்வாறே பொருந்தாதது. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கிய சபையோர் மனித இயல்பை நன்கு அறிந்திருந்தனர்.

மூன்றாவது, தானே காட்டும் கணக்கு. அறிக்கையில் கையொப்பமிடுபவரே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்திருத்தல் வேண்டும். மாடிப்படியின் கீழறை, மொட்டைமாடி, முதன்மை மின்பலகை, சமையற்கூடம் ஆகியவற்றில் கண்டதை இடம் சுட்டி எழுத வேண்டும். எக்குறையை உடனே நீக்க வேண்டும், எதற்குச் சில வாரங்கள் பொறுக்கலாம், அதற்கு யார் பொறுப்பு என்பவை தெளிவாக இருத்தல் வேண்டும். ஊர்ப்பெயரை மாற்றினால் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்திவிடும் அறிக்கை, எந்தக் கட்டடத்தையும் பார்க்காமல் எழுதப்பட்ட அறிக்கையே.

நான்காவது, காலவரையறை. வாரியப் பொறுப்பு 360 நாள்களில் முடிந்தது. மதிப்பீடும் என்றென்றைக்கும் செல்லுபடியாவதில்லை. மாடியில் புதிய கொட்டகை எழுந்தாலும், வகுப்பறை கிடங்காக மாறினாலும், கூடத்தில் கூடுவோர் எண்ணிக்கை பெருகினாலும் மீண்டும் மதிப்பிட வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

சிற்றூரில் இத்தகைய வல்லுநருக்கு எங்கே செல்வது, அவருக்கு எவ்வாறு ஊதியம் அளிப்பது என்னும் வினா நியாயமானது. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே அளவு வல்லமை தேவையில்லை. இரண்டு வாயில்களும் சில பணியாளர்களும் உள்ள சிறு கடையின் உரிமையாளர், தீயணைப்பு நிலையத்தாரிடம் வழிகாட்டுதல் பெற்றுத் தாமே பெரும்பாலான குறைகளைக் களையலாம். நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபம், குழந்தைகள் பயிலும் பள்ளி, நோயாளிகள் தங்கும் மருத்துவமனை ஆகியவற்றுக்கே முழுத் தகுதியுடைய வல்லுநர் இன்றியமையாதவர். ஓர் ஊரின் பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரை அழைத்தால் செலவும் பகிர்ந்து குறையும்.

அரசின் சான்று இருக்கும்போது வேறு மதிப்பீடு எதற்கு என்போரும் உண்டு. ஆய்வு நடந்த நாளில் கட்டடம் இருந்த நிலையையே சான்று காட்டும். மறுவாரம் படிக்கட்டில் அடுக்கப்படும் நாற்காலிகளை அது அறியாது. சான்றைச் சட்டமிட்டு மாட்டுவதால் சட்டத்தின் கேள்விக்கு விடை கிடைக்கலாம். தீ எழுப்பும் கேள்விக்கு விடை கிடைக்காது.

தகுதி மிக்கவரை அமர்த்திவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று கருதுவதும் பிழை. மதிப்பீட்டாளர் குறையைக் காட்டுவார். கதவின் பூட்டைத் திறக்க வேண்டியவர் கட்டடத்துக்கு உரியவரே. படித்துவிட்டு அலமாரியில் வைக்கப்படும் அறிக்கைக்கும் எழுதப்படாத அறிக்கைக்கும் வேறுபாடு சிறிதே.

வினவும் குடிமக்கள்

ஒருவரை ஆராய்ந்து தேர்வதற்கும், தேர்ந்தவரிடம் செயலை ஒப்படைப்பதற்கும் திருவள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். ஆராய்ந்து ஒப்படைக்கும் இந்த மரபு தமிழர்க்குப் புதிதன்று. அதைக் கட்டடங்களுக்கும் நீட்டிக்க வேண்டியதே இன்றைய தேவை.

அதற்கு வினவும் பழக்கம் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் ஒருவர், “இக்கட்டடத்தை மதிப்பிட்டவர் யார்? அவருடைய தகுதி என்ன? அவர் சொன்னவற்றுள் எவை நிறைவேறின?” என்று கேட்கலாம். மண்டபத்தை முன்பதிவு செய்பவர் வாடகையையும் வாகன நிறுத்தத்தையும் கேட்பதோடு பின்வாயில் திறந்திருக்குமா என்றும் கேட்கலாம். மாணவர்கள் தம் வகுப்பறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழியை அறிந்துவைத்திருக்கலாம்; அப்படியொரு வழி இல்லையென்றால் ஆசிரியரிடம் தெரிவிக்கலாம். கேட்போர் பெருகும்போது தகுதியற்றவர்க்கு வேலை குறையும்.

கணக்குக் காட்டாதவரை மீண்டும் அமர்த்தலாகாது என்று உத்திரமேரூர்ச் சபையோர் கல்லில் பொறித்தனர். தீயின் கணக்கை எழுதுபவரையும் அவ்வளவு கண்டிப்புடன் தேர்ந்தெடுப்பதே, 2004இல் வகுப்பறையிலிருந்து வீடு திரும்பாத 94 குழந்தைகளுக்கு இச்சமுதாயம் செலுத்த வேண்டிய கடன்.